12 லட்சம் வரை வரி இல்லை, டிராக்டருக்கு 5 சதவீதம்: டெல்டாவில் கைக்கு வருவது எவ்வளவு?

வெண்ணாற்றங்கரை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். 2025 பிப்ரவரி 1 பட்ஜெட்டுல 12 லட்சம் வரைக்கும் வருமான வரி கிடையாதுன்னு சொன்னாங்க. செப்டம்பர் 22-லேர்ந்து டிராக்டர், டயர், உதிரி பாகத்துக்கு ஜிஎஸ்டி குறைஞ்சிருக்கு. குறுவை நெல்லுக்கும் விலை கூடியிருக்கு. கடைத்தெருவுல ஒருத்தர் "எல்லாம் நமக்குத்தான்"ங்கிறார், பக்கத்துல இருக்கறவர் "ஒரு பைசா தங்காது"ங்கிறார். ரூபாய்க் கணக்கா யாராவது சொன்னா நல்லா இருக்கும்.

நிலவரம் இது. அப்பாவுக்கு வயசு 68, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். ஓய்வூதியம் வருசத்துக்கு 9,25,000. ஒரே வங்கியில வச்சிருக்கற வைப்புத்தொகைக்கு வட்டி 1,50,000. மன்னார்குடி பக்கம் அவர் பேர்ல ரெண்டு வேலி (சுமார் 13 ஏக்கர்) நஞ்சை, குறுவையும் தாளடியும் சொந்த சாகுபடி. செலவு போக 5 லட்சம் நிக்கும்னு வச்சுக்குங்க. 12 லட்சத்துக்குள்ளதானே இருக்கு, வரி ஒண்ணும் வராதுல்ல? வட்டிக்கு வங்கியில வரி பிடிக்காம இருக்க 15எச் படிவம் கொடுத்துடலாமா? ஒரு 45 குதிரைத்திறன் டிராக்டரும், போர்வெல்லுக்கு நீர்மூழ்கி மோட்டாரும் வாங்கணும். விலையில எவ்வளவு குறைஞ்சிருக்கணும்னு கடைக்காரர்கிட்ட எப்படிக் கேக்கறது?


கணக்கு நோட்டு

தம்பி, 2025-26 வருச வருமான வரிக்கு மட்டும் நான் சொல்றேன். உங்க அப்பா மாதிரி ஓய்வூதியமும் நிலமும் சேர்ந்திருக்கற குடும்பம் டெல்டாவுல ஊருக்குப் பத்து இருக்கும். அவங்கதான் இந்த 12 லட்சக் கணக்குல வழுக்கி விழறாங்க.

முதல்ல வரி வர்ற வருமானம். 9,25,000-ல நிலையான கழிவு 75,000 போனா 8,50,000. வட்டி 1,50,000 சேர்த்தா 10,00,000. நிலமே இல்லாதவருக்கு இதுக்கு வரி 40,000 வரும், 87ஏ தள்ளுபடியில (12 லட்சத்துக்குள்ள இருக்கறவருக்கு வரியையே கழிச்சு விடற சலுகை) அது முழுசும் கழிஞ்சு பூஜ்யமாகும். எல்லாரும் பேசறது இதோட நின்னுடுது.

விவசாய வருமானத்துக்கு நேரா வரி கிடையாது, சரி. ஆனா வரி விகிதத்தை முடிவு பண்ண அதையும் கூட்டிப் பாக்கணும். 1973 நிதிச் சட்டத்துலேர்ந்து இருக்கற ஏற்பாடு இது. மற்ற வருமானம் அடிப்படை விலக்கைத் தாண்டி, நிகர விவசாய வருமானமும் 5,000 ரூபாயைத் தாண்டினா இது பாயும். புது வரி முறையில அடிப்படை விலக்கு (வரியே போடாத முதல் தொகை) 4 லட்சம், அப்பா ரெண்டையும் தாண்டிட்டார்.

கணக்கைப் படிப்படியாப் போடுங்க. 10 லட்சமும் 5 லட்சமும் சேர்த்து 15 லட்சம். 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், அது 20,000. 8 முதல் 12 வரை 10 சதவீதம், 40,000. 12 முதல் 15 வரை 15 சதவீதம், 45,000. மொத்தம் 1,05,000. அடுத்து விவசாய வருமானம் 5 லட்சத்தோட அடிப்படை விலக்கு 4 லட்சத்தைக் கூட்டி 9 லட்சத்துக்கு வரி போடுங்க: 20,000 + 10,000 = 30,000. ரெண்டுக்கும் வித்தியாசம் 75,000. இதுதான் அப்பாவோட வரி.

வரி போடற மொத்த வருமானத்துல விவசாயம் சேராது, அதனால அவர் 12 லட்சத்துக்குள்ளதான் இருக்கார், தள்ளுபடி உண்டு. ஆனா தள்ளுபடிக்கு உச்சவரம்பு 60,000. மிச்சம் 15,000, அதுக்கு 4 சதவீத மேல்வரி (செஸ்) 600. ஆக 15,600 கட்டணும்.

எந்த இடத்துல கடிக்க ஆரம்பிக்குதுன்னும் பாருங்க. மற்ற வருமானம் கழிவு போக 8 லட்சமா இருந்தா விவசாயம் 8 லட்சம் வரைக்கும் வரி இல்ல. 9 லட்சமா இருந்தா விவசாயம் 5 லட்சம் வரைக்கும். 10 லட்சமா இருந்தா 3 லட்சம் வரைக்கும்தான். சரியா 12 லட்சத்துல நிக்கறவருக்கு ஒரு லட்சம் நெல் வருமானம் இருந்தாலே 10,000 ரூபாயும் மேல்வரியும் வந்துடும்.

15எச் கொடுக்க முடியாது. அந்தப் படிவம் "இந்த வருசம் எனக்கு வரியே வராது"ன்னு கையெழுத்துப் போடற உறுதிமொழி. மூத்த குடிமக்களுக்கு வட்டியில வரி பிடிக்கற வரம்பு 50,000-லேர்ந்து 1 லட்சமா 2025 ஏப்ரல் 1 முதல் ஏறியிருக்கு. அப்பாவுக்கு ஒரே வங்கியில 1,50,000 வர்றதால 10 சதவீதம், 15,000 பிடிப்பாங்க. பிடிக்கட்டும். கட்டவேண்டியது 15,600, பிடிச்சது 15,000, கணக்கு தாக்கல் பண்ணும்போது 600 கட்டினா முடிஞ்சுது. 60 வயசு தாண்டி, தொழில் வருமானம் இல்லாதவருக்கு முன்கூட்டிய வரியும் (வருசம் முடியறதுக்குள்ள தவணையாக் கட்டறது) கிடையாது.


மூணு மா

ஐயா, விவசாய வருமானம் வரி விலக்குன்னு சட்டத்துலயே இருக்கு. மத்திய அரசு அதுமேல வரி போடவே அதிகாரம் இல்ல. அப்புறம் எப்படி கூட்டறாங்க? ஆடிட்டர் நிறைய பேர் இந்த 5 லட்சத்தைக் காட்டவே மாட்டாங்க.


கணக்கு நோட்டு

நெல் வருமானத்து மேல வரி போடலங்க. 10 லட்சத்துக்கு எந்த விகிதம்னு முடிவு பண்ணத்தான் நெல்லை எடுத்துக்கறாங்க. 75,000-மும் அந்த 10 லட்சத்துக்கான வரிதான். வரி விலக்குங்கறது 1961 வருமான வரிச் சட்டத்துப் பிரிவு 10(1), கூட்டிப் பாக்கற ஏற்பாடு ஒவ்வொரு வருசமும் நிதிச் சட்டத்துல வருது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிக்காது.

காட்டாம விடறது நல்லதுக்கில்ல. கொள்முதல் நிலையத்துப் பணம் வங்கிக் கணக்குக்கே வருது. சேமிப்புக் கணக்குல வருசத்துல 10 லட்சம், அதுக்கு மேல ரொக்கமாப் போட்டாலும் வங்கி வருமான வரித் துறைக்குத் தகவல் அனுப்பும். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தா, தாக்கல்ல விவசாயம்னு ஒரு வரிகூட இல்லாதவர் "இது நெல் பணம்"னு நிரூபிக்கறது ரொம்ப கஷ்டம். ஒழுங்காக் காட்டறவருக்கு அந்தத் தாக்கலே சாட்சி.

ஓய்வூதியர்கள் அதிகமா செய்யற தப்பு வருமான வரி தாக்கல் படிவத்துல (ஐடிஆர்). விவசாய வருமானம் 5,000-க்கு மேல போனா ஐடிஆர்-1 போடக் கூடாது, ஐடிஆர்-2 போடணும். நிகர வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினா மாவட்டம், அஞ்சல் குறியீடு, எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா எல்லாம் கேக்கும். ஏக்கர்ல எழுதணும். ரெண்டு வேலின்னா 40 மா, 13.33 ஏக்கர்.

செலவை ஒழுங்கா எழுதினா நிகரம் தானா குறையும். விதை, உரம், நாற்று பறி, நடவு, களையெடுப்புக் கூலி, அறுவடை வண்டி வாடகை, பயிர்க் கடன் வட்டி, சொந்த டிராக்டர்னா தேய்மானம் எல்லாம் கழிக்கலாம். சொந்த உழைப்புக்குக் கூலி கழிக்க முடியாது. கூலி ஆளுக்கு ரசீது கிடைக்காதுதான். அதனால ஒரு நோட்டுல தேதி, எந்த வயல், என்ன வேலை, எத்தனை ஆள், ஆளுக்கு எவ்வளவுன்னு அன்னிக்கே எழுதி வைங்க. வருசக் கடைசியில ஒரே பேனாவுல ஒரே மூச்சா எழுதின நோட்டு பாத்த உடனே தெரிஞ்சிடும்.

விவசாயத்துல சேராதது எதுன்னும் மனசுல வைங்க. பால் மாடு, கோழி, இறால் குட்டை இதெல்லாம் விவசாய வருமானம் ஆகாது. சாகுபடிக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டா குத்தகை விவசாய வருமானம். அதே நிலத்தை இறால் பண்ணைக்கு விட்டா வாடகைக்கு வரி உண்டு. புது டிராக்டரை ஊராருக்கு உழவு ஓட்டி வாடகை வாங்கினா அது தொழில் வருமானம், அப்ப படிவமும் ஐடிஆர்-3-க்குப் போயிடும், முன்கூட்டிய வரி விலக்கும் போயிடும். அப்பா பேர்ல டிராக்டர் எடுக்கறதா, உங்க பேர்ல எடுக்கறதான்னு இதை வச்சு முடிவு பண்ணுங்க.


பெல்ட் வண்டி

ஜிஎஸ்டிக்கு வர்றேன். டிராக்டர் 12-லேர்ந்து 5. "7 சதவீதம் குறைஞ்சிருக்கணும்"னு கடையில போய்ச் சண்டை போடாதீங்க, அது தப்பான கணக்கு. வரியோட சேர்ந்த பழைய விலையை 112-ஆல வகுத்து 105-ஆல பெருக்கணும். அப்படிப் பாத்தா பழைய விலையில 6.25 சதவீதம்தான் குறையும். பழசு 7,84,000-ன்னா அடிப்படை விலை 7,00,000, புதுசு 7,35,000. வித்தியாசம் 49,000. இது காட்சியக விலை. பதிவு, காப்பீடு, மாட்டிக் கொடுக்கற சாமான் தனி. விலைப்பட்டியல் வாங்கும்போது "அடிப்படை விலை, ஜிஎஸ்டி, பதிவு, காப்பீடு நாலையும் தனித்தனி வரியா எழுதிக் கொடுங்க"ன்னு கேளுங்க. சலுகைன்னு முன்னாடி கொடுத்துட்டிருந்த தள்ளுபடியை இப்ப எடுத்துட்டா, வரி குறைஞ்சும் மொத்தம் அப்படியே நிக்கும். அடிப்படை விலை ஏறியிருக்கான்னு பாத்தாத்தான் அது தெரியும்.

டயர், டியூப் 18-லேர்ந்து 5. இங்கதான் குறைவு நல்லாத் தெரியும். 118-ஆல வகுத்து 105-ஆல பெருக்குங்க, 11 சதவீதம் குறையும். 20,000 ரூபாய் பின்சக்கர டயர் 17,800-க்குப் பக்கத்துல வரணும். ஆனா டிராக்டர் டயர்னு இருக்கணும். டிரெய்லருக்கு லாரி டயர் வாங்கிட்டு 5 கேட்டா கிடைக்காது.

உதிரி பாகத்துல எல்லாமே 5 இல்ல. கிளட்ச் அசெம்பிளி, கியர்பாக்ஸ், ரேடியேட்டர், சைலன்சர், பிரேக் அசெம்பிளி, ஹைட்ராலிக் பம்ப், மட்கார்டு, பின்சக்கர ரிம் டிராக்டருக்குன்னே உள்ளதா இருந்தா 5. பேரிங், ஆயில் ஃபில்டர், எஞ்சின் ஆயில் 18-லயே இருக்கு. பேட்டரி 28-லேர்ந்து 18. கிளட்ச் மாத்தப் போனா ஒரே பில்லுல ரெண்டு விகிதம் வரும், அது சரிதான். பில்லுல ஒவ்வொரு வரியிலயும் எச்எஸ்என் எண் (பொருள் வகையைச் சொல்ற குறியீடு) இருக்கும். 8708-ன்னு தொடங்கினா வாகன பாகம், 8482-ன்னா பேரிங். கிளட்ச் அசெம்பிளிக்கு நேரா 18 போட்டிருந்தா கேக்கலாம், பேரிங்குக்கு நேரா போட்டிருந்தா கேக்க முடியாது.

அட்டைப்பெட்டியில பழைய விலை அச்சடிச்சிருக்கு, அதுதான் விலைன்னு சொல்ற கடை இருக்கு. பெட்டியில எது இருந்தாலும் பில் போடற அன்னிக்கு உள்ள விகிதம்தான். மறுத்தா பில்லை வாங்கி வச்சுக்கிட்டு 1915 தேசிய நுகர்வோர் எண்ணுக்கு அடிங்க. பில் இல்லாம புகார் நிக்காது.

ரோட்டவேட்டர், கல்டிவேட்டர், கதிரடிக்கற இயந்திரம், வைக்கோல் கட்டற பேலர், சொட்டு நீர், தெளிப்பான் எல்லாம் 12-லேர்ந்து 5. டிரெய்லர்ல விவசாயத்துக்கான, தானா ஏத்தற அல்லது கொட்டற வகைக்குத்தான் 5.

உங்க மோட்டாருக்கு வருத்தமான பதில். தண்ணி இறைக்கற பம்ப், நீர்மூழ்கி மோட்டார் உட்பட, 2022 ஜூலை 18-ல 12-லேர்ந்து 18 ஆச்சு. இந்தத் தடவையும் அதைக் குறைக்கல. பிவிசி குழாயும் 18. 15 குதிரைத்திறனுக்குள்ள உள்ள டீசல் எஞ்சின் மட்டும் 5-க்கு வந்திருக்கு. ஆத்துல தண்ணி வராத காலத்துல நாத்தங்காலைக் காப்பாத்தறது போர்வெல்தான். டிராக்டரைக் குறைச்சவங்க அதை விட்டுட்டது பெரிய குறை, நம்ம விவசாய சங்கங்கள் இதைத்தான் அழுத்திக் கேக்கணும். நெல்லை வரி போட்டு விக்காததால, வாங்கற சாமானுக்குக் கட்டின வரியை நாம திரும்பவும் எடுக்க முடியாது. கட்டின 18-ம் அப்படியே சாகுபடிச் செலவுல உக்காந்துடும்.


வெண்ணாற்றங்கரை

ரொம்ப நன்றி ஐயா, நன்றி அண்ணே. ரெண்டு சந்தேகம். டிராக்டருக்கு ஆகஸ்ட்ல முன்பணம் கட்டியிருந்தா, பழைய 12 போடுவாங்களா? அறுவடை வண்டிக்காரர் வாடகையிலயும் குறைக்கணும்ல?


பெல்ட் வண்டி

முன்பணம் முன்னாடி, பில்லும் வண்டியும் 22-ந் தேதிக்கு அப்புறம்னா 5 தான். பில்லும் போட்டு, முழுப் பணமும் 22-க்கு முன்னாடியே வாங்கியிருந்தா வண்டி பின்னாடி வந்தாலும் பழைய விகிதம் நிக்கும். அதனால பில் தேதியைப் பாருங்க, முன்பண ரசீதை இல்ல.

அறுவடை, உழவு, நடவு வாடகைக்கு விவசாயிகிட்ட ஜிஎஸ்டி எப்பவுமே கிடையாது, விவசாயத்துக்கான ஆதரவு சேவைன்னு விலக்கு. அதனால குறைய வரியும் இல்ல. பெல்ட் வண்டி மணி வாடகையை ஏத்தறது இறக்கறது டீசலும் வயல் ஈரமும்தான். டீசல் ஜிஎஸ்டிக்குள்ளயே இல்ல. புதுசா வண்டி எடுக்கறவருக்கு முதலீடு குறையும், அது வாடகையில தெரிய ரெண்டு மூணு சீசன் ஆகலாம். யாராவது வாடகை பில்லுல ஜிஎஸ்டி சேர்த்தா மட்டும் கொடுக்காதீங்க.


குடமுருட்டி

உரம், மருந்து, நெல் விலை, கடன் நாலையும் யாரும் தொடல, நான் எழுதறேன்.

உரத்துக்கு முன்னயும் 5, இப்பவும் 5. யூரியா 45 கிலோ மூட்டை 266.50, டிஏபி 50 கிலோ 1,350, மாத்தமில்ல. நுண்ணூட்டம் 12-லேர்ந்து 5. நடவுக்கு ஏக்கருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட் போடறவங்களுக்குக் கொஞ்சம் குறையும். சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா, வேம்பு மருந்து போன்ற உயிர்ப் பூச்சிக்கொல்லிகளும் 5. ரசாயன மருந்து 18 அப்படியே. சம்பா நாத்துக்கு விதை நேர்த்தி பண்றப்பவே கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்துட்டா, குலைநோய்க்குப் பின்னால 18 சதவீதம் கட்டி அடிக்கற மருந்துல ஒரு சுத்தாவது மிச்சமாகும்.

நெல் விலை: 2024-25 சீசன்ல சன்ன ரகம் 2,450, பொது ரகம் 2,405. 2025 செப்டம்பர் 1-லேர்ந்து 2,545, 2,500. குவிண்டாலுக்கு 95 ஏறியிருக்கு. அதுல 69 மத்திய ஆதரவு விலை, 26 மாநில ஊக்கத்தொகை. ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 40 வந்தா 24 குவிண்டால், கூடுதல் 2,280 ரூபாய். ஏஎஸ்டி 16, ஆடுதுறை 37 குண்டு நெல் பொது ரகத்துல போகும், சன்ன விலையை வச்சுக் கணக்குப் போட்டுடாதீங்க.

இந்த 95-ஐ ஈரப்பதம் தின்னுடும், பாத்துக்குங்க. வரம்பு 17 சதவீதம். 20 சதவீத ஈரத்தோட வயல்ல எடை போட்ட ஒரு குவிண்டால் நெல் 17-க்குக் காயும்போது 3.6 கிலோ எடை இழக்கும். 2,545 விலைக்கு அது 92 ரூபாய். களத்துக் கூலி தனி. பனியோட காலையில வண்டியை இறக்காம, வெயில் ஏறி கதிர் உலர்ந்தப்புறம் அறுத்தாலே ஈரம் கொஞ்சம் குறையும். கொட்டி வச்ச குவியலை ரெண்டு மணிக்கு ஒருக்கா காலால தள்ளி விட்டுக் கிளறுங்க. மேல காஞ்சு உள்ள புழுங்கின நெல்லைத்தான் மீட்டர் காட்டிக் கொடுக்குது.

கடன்ல ஒரு எச்சரிக்கை. கிசான் கார்டு வட்டிச் சலுகைக் கடன் 3 லட்சத்துலேர்ந்து 5 லட்சம் ஆகும்னு பட்ஜெட்ல அறிவிச்சாங்க. ஆனா 2025 மே மாசம் அமைச்சரவை திட்டத்தை நீட்டிச்சப்ப பழைய 3 லட்ச வரம்போடதான் நீட்டிச்சுது. வங்கியில 7 சதவீதம், தவணை தவறாம கட்டினா 4. 5 லட்சத்தை நம்பி டிராக்டர் முன்பணத்தைக் கட்டிடாதீங்க, 3 லட்சத்துக்கு மேல வாங்கற தொகைக்கு வட்டி சாதாரண விகிதத்துல ஓடும். அடமானம் இல்லாத விவசாயக் கடன் வரம்பு மட்டும் 2025 ஜனவரி 1-லேர்ந்து 1.6 லட்சத்துலேர்ந்து 2 லட்சமா உயர்ந்திருக்கு, அது நடைமுறையில இருக்கு. நம்ம ஊர் கூட்டுறவு சங்கத்துல பயிர்க் கடனுக்கு, கெடு தேதிக்குள்ள கட்டினா வட்டியே இல்ல. கெடு தேதியைத் தாண்டிப் போனா அந்தச் சலுகை போயிடும். நெல் போட்ட பணம் வர்ற தேதிக்கும் கெடு தேதிக்கும் இடைவெளி வச்சுக்குங்க.


கணக்கு நோட்டு

குடமுருட்டி சொன்ன பணம் வர்ற தேதி வரிக் கணக்குலயும் வரும். தாளடி நெல்லை மார்ச் கடைசியில போட்டு, பணம் ஏப்ரல்ல வந்தா எந்த வருசத்துல காட்டறது? பணம் வந்த தேதியை வச்சுக் கணக்கு எழுதறவர் எல்லா வருசமும் அப்படியே எழுதணும். வரவை ஏப்ரலுக்குத் தள்ளிட்டு செலவை மட்டும் மார்ச்சுல நிறுத்தற கலப்பு வேண்டாம்.

இன்னொண்ணு. பட்டா, கொள்முதல் நிலையத்துல பதிஞ்ச பேர், பணம் ஏறற வங்கிக் கணக்கு மூணும் ஒரே ஆளா இருக்கணும். அண்ணன் தம்பி நெல்லையும் சேர்த்து ஒருத்தர் பேர்லயே போட்டா, அத்தனையும் அவரோட விவசாய வருமானமாத் தெரியும். மேல சொன்ன கணக்குல 10 லட்சம் ஓய்வூதியக்காரருக்குத் தம்பியோட 2 லட்சம் சேர்ந்தாலே கூடுதலா 15,000 ரூபாயும் மேல்வரியும் ஏறிடும். கூட்டுப் பட்டாவா இருந்தா அடங்கல்ல (கிராம சாகுபடிக் கணக்கு) அவரவர் பரப்பைப் பிரிச்சு எழுதி வாங்கிட்டு, சிப்பத்தையும் அவரவர் பேர்லயே எடை போடச் சொல்லுங்க.